விருந்தாளிக்கு மட்டும்

சத்தூர்னினாவின் அடுப்படியில் கால் வைத்தால் முதலில் காதில் விழுவது கீச்கீச் சத்தம்தான். கறிக்காக அடுப்புக் கதகதப்பில் வளர்க்கிற குய்கள் அவை. முயல்குட்டி அளவுக்கு, வாலே இல்லாத பிராணிகள். கல்யாணத்தின்போது அவள் அம்மா போர்வையில் சுருட்டிக் கொடுத்த ஒரு ஜோடியிலிருந்து பெருகியவை. கணவன் பலந்தீன் சுரங்க வேலைக்குப் போனவன், திருவிழாவுக்குத்தான் மலையேறி வருவான். நிலம் என்று பார்த்தால், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு துண்டு உருளைக்கிழங்குக் காணி.

ஆனால் கெட்டிக்காரி. குய்களுக்குத் தீவனமாக வாய்க்கால் ஓரமெல்லாம் குதிரைமசால் விதைத்தாள். மண்கல் அறுத்துக் கொட்டில் கட்டினாள். கொழுத்ததையெல்லாம் கூடையில் போட்டு ஞாயிற்றுச் சந்தைக்குத் தூக்கிப்போனாள். வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது, மகள் நயேலிக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வந்தது, அரிசியும் நூடுல்ஸும் வந்தன. மகள் உடம்பில்தான் ரத்தம் வரவில்லை.

ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, இப்படி வெளுத்துக் கிடக்கு? வீட்டுலதான் அத்தனை குய் வளர்க்கறியே. அடிச்சுக் குடு. ஈரலை விடாம குடு."

"நல்லாச் சொன்னீங்க! அது விருந்தாளிக்கு வைக்கிறது. இல்லேன்னா விக்கிறது. வீட்டு ஆளுக்கே அடிச்சுப் போட்டா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே. பிள்ளை பிழைக்க வேணாமா?"

அந்த மலையூரில் அப்படித்தான். பிள்ளையை ஞானஸ்நானத்தில் தாங்கிய ஞானத்தகப்பன் வந்தால் குய், வீட்டு ஆட்களுக்குக் கிழங்கு சூப். நினைத்தால் எரிச்சலாக வருகிறது. ஆனால் சத்தூர்னினாவைத் திட்டவும் மனசு வரவில்லை; அவளும் அந்த சூப்பைக் குடித்தே வளர்ந்தவள். நர்ஸ் கொடுத்த சொட்டு மருந்தை நயேலி துப்பினாள். பள்ளிக்கூட ஏற்றத்தில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். மகளின் சில்லிட்ட கைகளைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள் தாய். அப்போதும் கை கொட்டில் பக்கம் போகவில்லை.

ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் நயேலி. தலையில் அம்மாவின் தொப்பி, காதுவரை இறங்கிக் கிடந்தது. முதுகில் ஒரு துணி மூட்டை.

"அம்மணி, உள்ளே வரலாமா? ரொம்பத் தூரத்துலேருந்து வர்றேன்."

சத்தூர்னினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாருங்க நீங்க?"

"விருந்தாளி."

வீட்டைச் சுற்றி வந்ததற்கே பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. சத்தூர்னினாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"வாங்க, வாங்க," என்று ஆட்டுத்தோலை விரித்தாள். "வழியெல்லாம் சௌகரியமா?"

"ஏத்தம்தான் ஜாஸ்தி. அங்கங்கே உக்காந்துட்டேன்."

சத்தூர்னினா கொட்டிலுக்குப் போனாள். சந்தைக்கென்று பொத்திப்பொத்தி வளர்த்த ஆண் குய்யைத்தான் பிடித்தாள். பொரித்து, கிழங்கை அடுக்கி, ஈரலை மேலே வைத்து, விருந்தாளிக்கு வைக்கிற தட்டிலேயே வைத்தாள். நயேலி இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். அதைப் பார்க்கப் பார்க்க, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள் தாய்.

பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மூட்டைத் துணியில் கட்டினாள் குழந்தை. விருந்துக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பங்கு எடுத்துப்போவது அந்த ஊர் வழக்கம்.

"பிடிக்கலையாங்க?"

"ரொம்பப் பிடிச்சுது. இது எங்கம்மாவுக்கு. அவங்க எல்லாருக்கும் போட்டுட்டு வெறும் சூப்தான் குடிப்பாங்க."

வாசலுக்குப் போய், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள்.

"அம்மா, வந்துட்டேன். இந்தா, உனக்கு."

சத்தூர்னினா அதைத் தின்றாள். கண்ணீரும் சேர்ந்துதான் உள்ளே போனது.

அந்த ஞாயிறு சந்தையில் பக்கத்துக் கடைக்காரி கூடையை எட்டிப் பார்த்தாள். "என்னடி, கூடை இளைச்சிருக்கு?"

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, அக்கா."

"எப்பப் போறாங்களாம்?"

"விடுவேனா!" என்றாள் சத்தூர்னினா.