ரயில் ஏற்றி அனுப்பிய பிறகு வந்த கைகள்

கொரோனா ஊரடங்கு அறிவித்த அன்று, எங்கள் கம்பெனி டேபிள் மேல் பாதி தைத்த பனியன்கள் அப்படியே கிடந்தன. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நானும் என் கணவர் செல்வராஜும் ஒரு சின்னத் தையல் யூனிட் நடத்துகிறோம். தைத்தவர்கள் எல்லோரும் ஒடிசாக்காரர்கள். கம்பெனியை ஒட்டிய அறைகளில் தங்கியிருந்தார்கள். எக்ஸ்போர்ட் ஆர்டர் ரத்தானது. எங்கள் ரேஷன் அரிசியை அவர்களோடு பங்கிட்டுச் சமைத்தோம். "ஆண்டவரே, கம்பெனி திறக்கும்வரை இவர்களைப் போகவிடாதேயும்" என்று தினமும் அழுதேன்.

மே மாதம் அரசாங்கம் சிறப்பு ரயில் விட்டது. அவர்களில் மூத்தவரான சுனில் வந்து நின்றார்.

"அக்கா, ஊர்ல அம்மா அழுது. ரயில்க்கு பேர் எழுதிக் குடு அக்கா."

கணவர் என்னைத் தனியே அழைத்தார். "இவிங்க எல்லாம் போயிட்டாங்கன்னா அப்பறம் எப்படிப் புள்ள கம்பெனிய ஓட்டறது?"

முழங்காலில் நின்றேன். அவர்கள் போகக்கூடாது என்று கேட்கத்தான் போனேன். வாயிலோ, "இவர்களைப் பத்திரமாக வீடு சேர்த்தருளும்" என்று வந்தது. இது யார் ஜெபம்? எனக்கே விளங்கவில்லை. பெயர்களைப் பதிந்து கொடுத்தோம். புளிசாதம் கட்டிக்கொடுத்து ரயில் ஏற்றினோம்.

பிறகுதான் மாஸ்க் தைக்க அனுமதி கிடைத்தது. பெரிய கம்பெனி ஒன்று துணியைக் கொண்டுவந்து இறக்கியது. ஆள் இல்லை. "எப்படிச் செய்யப்போகிறீர், ஆண்டவரே?" என்று கேட்டேன். விசித்திரம் என்னவென்றால், அன்று அழுகை வரவில்லை. அவர் என்னதான் செய்வார் என்று பார்க்கிற ஆவல்தான் இருந்தது.

மறுநாள் பக்கத்து வீதி ராசாத்தி வாசலில் நின்றார். கணவரை இழந்தவர்.

"ஏனுங்க அக்கா, கவர்மெண்டுல குடுத்த தையல் மெஷின் ஊட்டுல சும்மாதான் கெடக்குதுங்க. துணி குடுத்தீங்கன்னா தெச்சுத் தாரனுங்க."

"நீங்க தைப்பீங்களா?"

"நல்லாத் தெப்பனுங்க. புள்ளைய உட்டுப்போட்டு கம்பெனிக்கு வர முடியலீங்க. என்னையாட்டம் இன்னும் நாலஞ்சு பேரு இருக்கறாங்க."

வருஷக்கணக்காக அந்த வீதியில் போய்வந்திருக்கிறேன். அந்த வீடுகளுக்குள் மெஷின் இருப்பது எனக்குத் தெரியாது! வீடு வீடாகத் துணி போனது, மாஸ்க்காகத் திரும்பியது. சொன்ன நேரத்தில் வண்டி ஏற்றினோம். எங்கள் ஆட்களைக் கூட்டிப்போனதும் அரசாங்க ரயில். எங்கள் தொழிலைக் காப்பாற்றியதும் அரசாங்கம் எப்போதோ கொடுத்த மெஷின்கள். இதை யார் இப்படிக் கோர்த்தது? ஸ்தோத்திரம் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

தீபாவளிக்குப் பிறகு சுனிலும் மற்றவர்களும் திரும்பினார்கள். ராசாத்தியும் தோழிகளும் இப்போது கம்பெனிக்கே வருகிறார்கள். பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். என் ஜெபமும் மாறிவிட்டது. "இப்படிச் செய்யும்" என்று சொல்வதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் தேவையை அவரிடம் சொல்லுங்கள். வழியை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சொல்லிவிட்டு, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள்.