கழுநீர் வாளி

கிடங்கில் என் வேலை ரப்பர் தாள்களை எடை போட்டுச் சீட்டு எழுதுவது. ரப்பர் விலை சரிந்த வருஷம் முதலில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை பகலில் எங்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். சொன்னவர் நல்ல மனிதர்தான். எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பினாங்கு ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். திரும்பிக் கடற்கரைக்கு வந்தேன். அங்கேயும் உட்கார முடியவில்லை. நிழல் சாய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்பக்கம் அத்தாப்பு ஓலை வேய்ந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அப்போது குடியிருந்தோம். நான், அவள், ஏழு வயது மகள். பின்னால் ஒரு துண்டு நிலம், அதைத் தாண்டி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சீன அம்மாள் வாத்து வளர்த்து வந்தாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் வீட்டைப் பகலில் நான் பார்த்ததே இல்லை என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் எத்தனை முறை அடுப்பு எரிகிறது, எவ்வளவு கரி போகிறது, சட்டியில் எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறாள், எல்லாம் கண்ணில் பட்டது. எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது. எடை பார்த்தே பழகிய கை. நான் வீட்டை எடை போட ஆரம்பித்தேன்.

முதலில் கரி. சுங்கை பினாங்கு ஓரத்தில் மரம் அறுக்கும் ஆலைகளில் மரத்தூளை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். அள்ளிக்கொண்டு போனால் அவர்களுக்கு இடம் மிச்சம். இரண்டு கோணி நிறைய அள்ளி வந்தேன். காலியான மண்ணெண்ணெய் டின் ஒன்றில் அடிப்பக்கம் ஓட்டை போட்டேன். நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளைத் திணித்துக் குத்தி இறுக்கிவிட்டுப் போத்தலை உருவி எடுத்தேன். நடுவில் குழாய்போல வழி கிடைத்தது. கீழே நெருப்பு வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன்.

தூள் ஈரம் என்பதை நான் பார்க்கவில்லை. நெருப்பு வைத்த சிறிது நேரத்தில் கூரை இடுக்குகளிலெல்லாம் புகை. வரிசை வீட்டுக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று வாளிகளோடு ஓடி வந்தார்கள். ஒருவர் வந்த வேகத்தில் அடுப்பின் மேல் மட்டுமில்லை, என் மேலும் தண்ணீரை ஊற்றிவிட்டார். மகள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காய வெச்சிட்டுப் போடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அடுப்பு எரிந்தது. ஒரு டின் தூளில் சோறு, குழம்பு, குளிக்கத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. அதோடு எனக்குத் தலை கனத்துவிட்டது. அடுத்து சாம்பலை ஊறவைத்துக் காரநீர் எடுத்து, தேங்காயெண்ணெயோடு காய்ச்சித் துணி துவைக்கச் சவுக்காரம் செய்தேன். அது கட்டியாகவே இல்லை. கூழாக நின்றது. என் விரல்களில் தோல் உரிந்ததுதான் மிச்சம். வீணான எண்ணெயைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நான்தான் மறுநாள் தாளிக்கும்போது பக்கத்தில் நின்று, "போதும், போதும், அவ்வளவு எதுக்கு?" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு தோட்டம். பின்னாலிருந்த நிலத்தைக் கொத்திக் கீரையும் வெண்டையும் மரவள்ளியும் போட நினைத்தேன். மண்ணோ வெறும் களிமண். எரு வேண்டும். எருவைக் காசு கொடுத்து வாங்குவதா? ஒரு மூலையில் இடுப்பளவு குழி தோண்டினேன். சமையலறையில் மூடியில்லாத ஒரு தகர வாளி இருக்கும். அரிசி கழுவிய நீர், காய்த்தோல், மீன் கழிவு, மிஞ்சிய கஞ்சி எல்லாம் அதில்தான் விழும். குழிக்குள் நின்றபடியே அவளிடம் சொன்னேன்: "இனிமே அந்த வாளி இங்கதான் வரணும். ஒரு சொட்டுக் கழுநீர்கூட வெளிய போகக் கூடாது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அந்த வாளிய மட்டும் விட்டுருங்களேன். அது வந்து..."

"குப்பையில என்ன இருக்கு? மண்ணுக்குப் போட்டா சோறாகும். நான் சொல்றதச் செய்."

மறுநாள் காலையில் வாளி குழியோரம் இருந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தது. மூன்று பேர் சாப்பிடும் வீட்டில் எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனையை இவ்வளவு நாளும் கொட்டிப் பாழாக்கியிருக்கிறாளே என்றுதான் தோன்றியது. இரண்டாம் நாளிலிருந்து வாளியில் பாதிகூட இல்லை.

மகளுக்கு அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தது. அதிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு ஒரு வாத்து முட்டை அவித்துக் கொடுப்பாள் என் மனைவி. பாசார்ச் சந்தையில் வாங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். குழி தோண்டிய ஒரு வாரத்துக்குள் முட்டை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் வரும் கட்டுக் கீரையும் நின்றுவிட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் பேச்சைக் கேட்டு இவளும் சிக்கனம் பழகிவிட்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மாதம் போயிருக்கும். மகள் வாசற்படியில் ஏறும்போதே மூச்சு வாங்கினாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்று அழைத்து வந்தார்கள். தர்ம ஆஸ்பத்திரியில் காட்டினேன். மருந்து கலக்கிக் கொடுப்பவர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மருந்த விட இவளுக்குச் சாப்பாடு முக்கியம். முட்டை கொடுங்க, கீரை கொடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சில்லறையை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிச் சீன அம்மாள் வீட்டுக்குப் போனேன். எத்தனையோ வருஷம் பக்கத்தில் இருந்தும் அவளிடம் நான் பேசியது அன்றுதான். சந்தையில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில் முட்டை கேட்டேன்.

"தெலூர் தா அடா" என்றாள். முட்டை இல்லை. கையை விரித்து, காலியாகக் கிடந்த வாத்துப் பட்டியைக் காட்டினாள். பிறகு அவள் தன் மலாயில் கேட்டது இது: "உன் வீட்டு வாளி எங்கே? மூன்று வருஷமாகத் தினமும் வந்தது. வரிசையில் நாலு வீட்டுக் கழுநீரையும் உன் பெண்டாட்டிதான் சேர்த்துக் கொண்டுவந்து ஊற்றுவாள். பதிலுக்கு நான் முட்டையும் கீரையும் கொடுப்பேன். திடீரென்று நின்றுவிட்டது. தீனி வாங்கிப் போட என்னால் முடியவில்லை. வாத்துகளை விற்றுவிட்டேன். அவளுக்கு என் மேல் என்ன கோபம்?"

சில்லறை கையில் நனைந்திருந்தது. கோபமில்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல மலாயில் வார்த்தை தேடினேன். கிடைத்ததைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய், தன் வீட்டுக்கென்று வைத்திருந்த இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். காசை வாங்கவில்லை.

முட்டைகளை மனைவியிடம் நீட்டினேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்ல வந்தேன். நீங்க குழிக்குள்ள நின்னு பேசிட்டு இருந்தீங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்ப? எண்ணெய அளந்துட்டு இருந்தப்பவா?" அவள் குரல் உயரவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்து முட்டைகளை மெதுவாக உள்ளே இறக்கினாள். "பதினோரு வருஷமா இந்த வீட்ட நான் நடத்தினேங்க. நடந்துச்சுன்னு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்ததும் வாளியை நான் எடுத்துக்கொண்டு நாலு வீட்டு வாசலிலும் போய் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போனவன் கழுநீர் கேட்டு நிற்பதைப் பார்த்து முதல் வீட்டுப் பெண் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவளுக்குத்தான் வெட்கம். அதன் பிறகு தினமும் போனேன். சீன அம்மாள் புதிதாகக் குஞ்சு வாங்கி விட்டிருந்தாள். அவை வளர்ந்து முட்டையிட மாதங்கள் ஆகும். அதுவரை வாளிக்குப் பதிலாகக் கீரை வந்தது. முட்டையை நாங்கள் பாசாரில் வாங்கினோம்.

ஆனால் என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் அதற்கு எனக்குத் தெரியாத வழக்கம் ஒன்று இருக்கும்போல் பட்டது. எதையும் தொடப் பயமாக இருந்தது, தொடாமலும் இருக்க முடியவில்லை. காலையில் வாளியை ஊற்றிவிட்டு வெளியே போய்விடுவேன். ஆயர் ஈத்தாம்வரை நடப்பேன். தண்ணீர்மலைக் கோயில் படியேறி இறங்குவேன். கும்பிடக்கூட நிற்க மாட்டேன். அப்படி நடந்த ஒருநாள் கப்பல்துறைப் பக்கம் நீண்ட வரிசையைப் பார்த்தேன். வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ஊருக்கு அனுப்புகிறார்கள், பெயர் எழுதுகிறார்கள் என்றார்கள். நான் வரிசையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எங்காவது போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று பேர் பெயரையும் எழுதிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கப்பல்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் திரிந்தேன். ஒன்பதாம் நாள் துவைக்கும்போது அது அவள் கைக்குப் போயிற்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கப்பல் படம் போட்ட முத்திரை புரியாமல் போகுமா? ஈரக் கையோடு வந்தாள்.

"எந்த ஊருக்குங்க?"

"நம்ம ஊருக்குத்தான்."

"உங்க ஊருன்னு சொல்லுங்க. நான் இங்க, படகுத்துறைக்கு அக்கரையில ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. எங்க அம்மாவும் அப்பாவும் அங்கதான் மண்ணுல இருக்காங்க. நீங்க சொல்ற ஊர நான் கண்ணாலயும் பாத்ததில்ல."

"இங்க மட்டும் நமக்கு என்ன இருக்கு?"

"இங்க எந்த வீட்டுல எதக் கேக்கலாம், எந்த வீட்டுக்கு எதக் குடுக்கலாம்னு எனக்குத் தெரியும். அங்க போய் அத மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிக்கணும். புள்ள இருக்கற நெலமையில என்னால முடியாது." சீட்டை என் கையில் வைத்தாள். "உங்களுக்கு இருப்புக் கொள்ளலன்னா போயிட்டு வாங்க. நான் தடுக்கல. எங்க ரெண்டு பேரு பேர மட்டும் அடிச்சிட்டு வந்துருங்க."

காலையில் போனேன். அங்கே குடும்பம் குடும்பமாகப் பாயும் பானையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் அம்மிக்குழவியை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அம்மியை என்ன செய்தாளோ. அவளைத் தாண்டி மேசைக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன்.

"பேர் அடிக்கணும்."

"எத்தனை பேரு?"

ரெண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மூணும்" என்று வந்தது. அந்தக் குமாஸ்தா, இதற்குத்தானா என் நேரத்தை வாங்கினாய் என்பதுபோல் பெருமூச்சுவிட்டுக் கோடு கிழித்தார்.

கப்பல் புறப்பட்ட அன்று வேடிக்கை பார்க்கப் போனேன். கிடங்கில் என்னோடு வேலை போன நால்வரில் இருவர் அதில் போனார்கள். ஒருவர் மேல்தட்டிலிருந்து கைகளைக் குவித்து என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். காற்றில் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தட்டில் நானும் நின்றிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கப்பல் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு வேகமாக நடந்து வீடு வந்தேன்.

என் தவிப்பு நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் ஒரு வழி பார்த்தாள். "உங்க கைக்கு வேல வேணும், அவ்வளவுதானே?" என்று கேட்டு, வரிசை வீடுகளுக்கெல்லாம் மரத்தூள் அடுப்பு செய்து கொடுக்கச் சொன்னாள். ஒரு வீட்டிலிருந்து வாழைத்தார் வந்தது. ஒரு வீட்டுக்காரர் கூரை ஓலையை மாற்றிக் கொடுத்தார். முனையில் காப்பிக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் மாமாக் அண்ணன் இரண்டு அடுப்பு வாங்கி ரொக்கமாகவே கொடுத்தார். யாரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் அவள் வேலை. டின் வெட்டுவதும் தூள் சுமப்பதும் என் வேலை. குஞ்சுகள் வளர்ந்து முட்டை வந்தது. மகள் கன்னத்தில் சதை பிடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வர ஆரம்பித்தாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கிடங்கில் கூப்பிட்டார்கள். பழைய சம்பளம் இல்லை, இருந்தாலும் போனேன். முதல் சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். அடுத்த மாதம் கொடுத்தபோது, "இதை நீ எப்படி நடத்துற? எனக்குச் சொல்லேன்" என்றேன். கேலி செய்கிறேனோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். யார் வீட்டில் எந்த நாள் தேங்காய் துருவுகிறார்கள், எந்த மீன்காரன் எத்தனை மணிக்கு விலையை இறக்குவான், பழைய சேலை எத்தனை துணியாகும் என்று ஒவ்வொன்றாக. பாதிகூட எனக்குப் புரியவில்லை. இடையில் இரண்டு முறை எழுந்து வெளியே போகத் தோன்றியது. போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.