எக்ஸ்ரே அக்காவின் ஆர்க்கிடுகள்

செடிக் கண்காட்சியின் கடைசி நாள் மாலையில், ஊரே பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, எக்ஸ்ரே அக்கா மட்டும் மேஜைக்கு அடியில் குனிந்திருப்பார். விலைபோகாத ஆர்க்கிடுகளை அங்கேதான் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பூ உதிர்ந்து, இலை சுருங்கி, வேர் அழுகத் தொடங்கியவை. அக்கா ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி, உள்ளே இருப்பது தெரிகிற அதன் கண்ணாடி பிளாஸ்டிக்கை விளக்குக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் வேரைப் பார்ப்பார். மருத்துவமனையில் வருடக்கணக்காக எலும்பைப் படம் எடுக்கிறவர் அல்லவா, பழக்கதோஷம்.

"பூ உள்ளதா பாத்து எடுங்கக்கா. இதெல்லாம் குப்பைக்குப் போறது" என்பார் கடைக்காரர்.

"குப்பைக்குப் போறதுக்கு எதுக்கு தம்பி விலை சொல்றீங்க?"

கடைக்காரர் பை தேடுவார்.

வைத்தியம் நடப்பது குளியலறையில். ஈரமும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கிற இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். வேரை விரலால் அமுக்குவார். கொழகொழவென்று நசுங்கினால், அடுப்புத் தீயில் காட்டிய பிளேடால் ஒரே வெட்டு. அழுகல் பரவாமலிருக்க வெட்டுவாயில் சமையல் பட்டைப் பொடி. "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க, அவ்ளோதான் முடிஞ்சுது" என்று நோயாளிகளிடம் காட்டுகிற மரியாதையோடு செடியிடம் பேசுவார். இந்த மரியாதை வீட்டில் வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

இரக்கப்பட்டுச் செய்கிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அத்தனையும் வீம்பு. "செத்துப்போச்சுன்னு சொல்ல அவங்க யாரு? நான் பாத்துட்டுச் சொல்றேன்."

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டிலும் அவர் கால் பிரேக்கைத்தான் தேடும். ஈர இலைகள் முதுகில் உரச உரசக் குளித்தவர், போன கண்காட்சி முடிந்த கையோடு பொறுமை இழந்தார்.

"இது பாத்ரூமா, காடா? அடுத்த கண்காட்சிக்குள்ள ஒண்ணாவது பூக்கட்டும். இல்லேன்னா எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டுடுவேன்."

"பூக்கும். பந்தயமா?"

அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. செடிகளோ அவர் பந்தயத்துக்குக் கட்டுப்படவில்லை. இலை விட்டன, வேர் விட்டன, பூ மட்டும் இல்லை. கண்காட்சி நெருங்க நெருங்க, கணவர் குளிக்கும்போது பாட ஆரம்பித்தார்.

அவர்தான் முதலில் பார்த்தார். இருப்பதிலேயே நோஞ்சான், இரண்டே இலையோடு நின்ற ஒன்று, தண்டு நீட்டி மூன்று மொட்டு வைத்திருந்தது. மனிதர் தோற்றதையே மறந்துவிட்டு, இடுப்புத் துண்டோடு ஓடிவந்தார்.

"ஏம்மா, வா வா! ஜெயிச்சுட்ட நீ!"

அக்கா ஓடினார். எத்தனை நாள் ஆசை! தொட்டியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வேர். தண்டு கிளம்பிய பிறகு இலைகள் இன்னும் துவண்டிருந்தன. பிழைக்க வழி தெரியாத செடி, உள்ள சத்தையெல்லாம் திரட்டிக் கடைசியாகப் பூவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"இது பூத்தா செத்துரும்."

"செத்தா சாகட்டும். பூக்கத்தானே இவ்ளோ பாடு பட்ட?"

"யாரு சொன்னா? பொழைக்கத்தான் பட்டேன்."

"அப்போ பந்தயம்?"

"தோத்துட்டேன்னே வெச்சுக்குங்க. ஆனா ஒரு தொட்டி மேல கை வெச்சுப் பாருங்க, தெரியும் சேதி."

கணவர் துண்டை இறுக்கிக்கொண்டார். அக்கா பிளேடைத் தீயில் காட்டிக் கொண்டுவந்தார். பூத்தண்டை அடியோடு நறுக்கி, மூன்று மொட்டையும் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு ஜன்னல் மேடையில் இருந்த அவருடைய ஷேவிங் சாமான்களை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தொட்டியை வைத்தார்.