இன்னொருத்தியின் பெயர்

நேற்று கண்டிக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் கரிசலாங்கண்ணி எண்ணெய்ப் போத்தலைத் திறந்து காட்டினார். அந்த வாசனையில் நான் மறுபடியும் ஹந்தானையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் குடியிருந்து இன்று தடமே இல்லாமல் போய்விட்ட, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில், அடுத்த வீட்டு முத்தாயி அத்தையின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

அத்தையின் மகள் செல்லம்மாவும் நானும் ஒரே வயது. அவள் காய்ச்சலில் இறந்த பிறகு, அத்தை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "செல்லம்மா, வாடி, தல வாரிவிடுறேன்" என்று என்னைக் கூப்பிடத் தொடங்கினாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று லயமே இரக்கப்பட்டது. அம்மாவுக்கு மட்டும் பயம். "செத்த புள்ள பேரச் சொல்லிக் கூப்பிடுறா, நீயும் ஏன்டி போற?" என்பாள்.

அத்தைக்கு உண்மையிலேயே ஆள் தெரியவில்லையா என்று எனக்கோ சந்தேகம். செல்லம்மாவுக்கு நடு வகிடு, எனக்குப் பக்க வகிடு. அத்தையின் சீப்பு ஒருநாளும் தவறாமல் என் வகிட்டையே தேடிப் பிடித்தது. கையிலிருந்த கண்ணாடிச் சில்லில் அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். அவள் சட்டென்று கண்களைத் தாழ்த்திக்கொள்வாள்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. அத்தை ஓடி வந்தாள். அவள் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாளாம்.

நான் விழித்தபோது கேட்டது அத்தையின் குரல்தான்.

"மீனாச்சி, கண்ணத் தொறடி. நீ மீனாச்சிடி."

நான் பிழைத்துக்கொண்டேன். அதன் பிறகு அத்தை எந்தப் பெயர் சொல்லியும் என்னைத் தலைவாரக் கூப்பிடவில்லை.