லைட்டை மறைத்த பிள்ளையார்

ஏறாவூரில், றாசிக் நானாவின் கராஜில் அன்று காலை இருந்தவர்கள்: நான், அப்பா, றாசிக் நானா, ஜாக்கில் ஏறி நின்ற எங்கள் வான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தான். வாவியில் இறாலுக்குப் போயிருந்தார். மற்றவர் வானின் சொந்தக்காரி, என் அக்கா. அவள் கட்டாரில்.

விசயம் இதுதான். நாலு வருசத்துக்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வருகிறாள். வெளிநாடு போனவர் திரும்பி வந்தால், எங்கள் பழுகாமத்தில் ஓர் ஆளை மட்டும் அனுப்பி ஏற்றிவரும் வழக்கம் கிடையாது. குடும்பமே போகும். சோற்றுப் பொதி, தண்ணீர்ப் போத்தல், வழியில் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுக்கும் பிள்ளைக்கு மணந்துபார்க்கத் தேசிக்காய்... எல்லாவற்றோடும் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்ட வேண்டும்.

அக்கா ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள். "வாடகைக்கு ஒண்டும் பிடிக்கப் படாது. என்ட வான்லதான் நான் வருவன்."

நியாயம்தானே? காசு அனுப்பியது அவள். போனில் படம் பார்த்து நிறம் சொன்னது அவள். ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை.

பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். சும்மா ஒயில் மாற்றிக்கொண்டு வருவோம் என்றுதான் போனோம். றாசிக் நானா சாரதி இருக்கையில் ஏறி, சாவியைத் திருப்பி, மீற்றரைப் பார்த்தார். அங்கே ஒரு மூலையில் வட்டமான பிள்ளையார் ஸ்டிக்கர்.

"அண்ணன், இதுக்குக் கீழ என்ன?"

"அது பிள்ளையார் நானா."

"மேல இருக்கிறவர் ஆரெண்டு தெரியுது. கீழ என்ன எண்டு கேக்கன்."

அப்பா கராஜின் கூரைத் தகரத்தை ஆராயத் தொடங்கினார்.

"நான் கை வெக்க மாட்டன்," என்றார் நானா. "உங்கட சாமி. நீங்களே எடுங்க."

அப்பா நகத்தால் பக்குவமாக உரித்தார். முதலில் ஒரு காது வந்தது. பிறகு தும்பிக்கை. பிறகு... சிவப்பாக ஒரு லைட். டைமிங் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்த லைட்!

"எத்தின நாளாப் பத்துது?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "மாசி மாசம் தொடங்கி. கண்ணுக்க குத்துது எண்டு நான்தான் மறைச்சன்."

பாதிதான் உண்மை. மீதியை நான் சொல்லவேண்டும்.

மாசியில் அந்த லைட் எரிந்த அன்றே அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து. வாசித்தேன். என்னவென்று விளங்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் வாங்கியவன் நான். விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "சென்சர் பிழையா இருக்கும் அப்பா, ஒண்டுமில்ல" என்றேன். நான் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்பா நம்பினார். அதன்பிறகுதான் பிள்ளையார் வந்து உட்கார்ந்தார்.

அந்த லைட்டோடு ஐந்து மாதம்... பள்ளிப் பிள்ளைகள், நெல் மூட்டை, செங்கலடிச் சந்தை எல்லாம் அந்த வானில்தான்.

நானா முன்பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார். விசிறி, ரேடியேட்டர், பெல்ட் ஓடும் புல்லி, மூடி என்று ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. உள்ளே இருந்த பெல்ட்டை மடித்துக் காட்டினார். கோடையில் காய்ந்த வயல் வட்டை மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"மேல வால்வு, கீழ பிஸ்டன்," என்று இரண்டு கையாலும் செய்து காட்டினார். "ரெண்டும் ஒரே இடத்துக்கு வாற ஆக்கள்தான். ஆனா ஒரே நேரத்தில வரப்படாது. அந்த முறையைப் பாக்கிறது இந்தப் பெல்ட்."

அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. "வாய்க்கால்ல முறைத்தண்ணி மாதிரி. முறை தப்பினா மம்பட்டியால வெட்டிக்குவானுகள்."

"அதேதான்! இது அறுந்தா எஞ்சினுக்குள்ள மம்பட்டிச் சண்டை. முன்கூட்டிச் சத்தமும் போடாது. மின்னேரியாக் காட்டில யானைக்குச் சலாம் சொல்லிட்டு நிக்க வேண்டியதுதான்."

"சரி, பெல்ட்டை மாத்துங்க."

"பெல்ட் மட்டும் மாத்தித் தர மாட்டன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்சனர், பேரிங், தண்ணிப் பம்ப், ஒயில் சீல்... எல்லாம் ஒருமிக்க."

"பம்ப் ஒழுகல்லயே நானா?"

"இண்டைக்கு ஒழுகல்ல."

நானா விடவில்லை. பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பழைய பம்ப் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும். பேரிங் உடைந்தாலும் அதே கதை. அதோடு, பம்பை மாற்ற இன்னொரு நாள் வந்தாலும் இந்த விசிறி, ரேடியேட்டர், மூடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கழற்ற வேண்டும். கூலி இரண்டு தடவை.

கழற்றிய பேரிங்கை எடுத்து அப்பாவின் காதருகே சுற்றினார். கர்ர்ர் என்றது. அப்பா கையில் வாங்கித் தானே ஒருமுறை சுற்றினார். வயலில் மிசின் ஓட்டுகிறவருக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் தலையை ஆட்டவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். கையில் இருந்தது பெயின்ட் காசு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அக்கா வந்து இறங்கும்போது அவளுடைய வீட்டின் முன்சுவர் புதுசாக நிற்கவேண்டும் என்று, இரண்டு போகமாக அப்பா சேர்த்து வைத்தது.

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. வீடியோவில் அக்கா.

"எங்க நிக்கிறயள்? அது என்ட வானா? என்னத்துக்கு மூஞ்சியக் கழட்டி வெச்சிருக்கு?"

"சின்னச் சேர்விஸ் மகள்," என்றார் அப்பா. "எனக்கு அந்த லைட்..."

மறுபடியும் எனக்காகப் பழியை எடுக்கப் போகிறார். போனை வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, பிழை என்னிலதான். அஞ்சு மாசமா ஒரு லைட் பத்தினது. நான்தான் சென்சர் எண்டு சொன்னன். எனக்கு அது என்ன எண்டு தெரியாது."

அக்கா சிரித்தாள்.

"தெரியாட்டித் தெரியா எண்டு சொல்லுடா. அதுக்குத்தானே உன்னைப் படிப்பிச்சது?"

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் கேட்கிறாள். என்னைப் படிப்பித்த காசும் அவளுடையதுதான்.

யோசித்துப் பார்த்தால், பரீட்சை மண்டபத்தில் எங்களுக்குப் பழக்கியதே அதுதானே? வெறும் தாளைக் கொடுக்காதே, எதையாவது எழுதிவிட்டு வா! தாளில் பிழையாக எழுதினால் ஒரு புள்ளி போகும். வீட்டில் அப்படிச் சொன்னால்... ஏழு பேர் ஏறும் வான்.

நானா போனுக்குள் தலையை நீட்டினார். "தங்கச்சி, எல்லாத்தையும் ஒண்டா மாத்தணும் எண்டு சொல்றன். வாப்பா பம்ப் நல்லம் எண்டு நிக்கிறார்."

"அப்பா." அக்காவின் குரல் மாறியது. "நாலு வருசம் நான் அதில ஏறல்ல. ஏறுற அண்டைக்கு என்ட புள்ளையோட நடுக்காட்டில இறங்க ஏலாது. எல்லாத்தையும் மாத்துங்க."

"வீட்டுக்குப் பெயின்ட், மகள்..."

"சுவர் என்ன, நடுவழியில நிக்கப்போகுதா?"

அப்பா பேரிங்கை மேசையில் வைத்தார். "போடுங்க நானா."

கட்டுநாயக்காவுக்குப் போனோம், வந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் நல்ல செய்தி. திரும்பும் வழியில் வெலிக்கந்தையில் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். என் மருமகள், அக்காவின் பிள்ளை, தேசிக்காயை மணந்தபடி, நாலு வயதில் விட்ட தாய்மடியில் எட்டு வயதுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். நீளமான முன்சீட்டில் இரண்டு பேரும். அக்கா, "எந்த இடத்தில பத்தினது?" என்று கேட்டாள். காட்டினேன். எரியாத அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு பழுகாமம் வரை வந்தாள்.

பெயின்ட் அடிக்காத வீட்டின் முன்னால் இறங்கினாள். சுவரைப் பார்க்கவில்லை. வானின் மூக்கைத் தடவினாள்.

மொத்தச் செலவு எண்பத்தாறாயிரத்து நூறு ரூபாய். அதில் அந்த நூறு, புதுப் பிள்ளையாருக்கு — இந்த முறை லைட்டுக்குப் பக்கத்தில்.