பிரசிடென்ட் வீட்டுக்காரரின் ரோஸ் சட்டை

எங்கள் அத்தை ஊர்க் கல்யாணத்துக்கு வந்து பாருங்கள். மாப்பிள்ளைத் தோழனிலிருந்து பந்தி பரிமாறுகிறவர் வரைக்கும் வெள்ளை வேட்டி, வெளிர் ரோஸ் சட்டைதான். துணிக்கடையில் ‘பிரசிடென்ட் மாடல்’ என்று கேட்டால் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள். தொடங்கி வைத்தவர் என் மாமா. ஆனால் பிரசிடென்ட் அவரில்லை, அத்தை.

அந்த ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம் அத்தை நின்று ஜெயித்தாள். மறுநாளே மாமா மூன்று வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். முதல் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் கஞ்சி மொடமொடக்க அவர்தான் உட்கார்ந்தார். அத்தை பக்கத்தில் நின்று, அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த கூட்டம் தண்ணீர்க் குழாய் பற்றியது. கீழ்த்தெருவுக்குக் குழாய் வரும் என்று அத்தை வீடு வீடாகச் சொல்லி ஓட்டு வாங்கியிருந்தாள். மாமாவோ கடற்கரையில் ரிசார்ட் கட்டும் சிநேகிதருக்கு அந்தக் குழாயைத் தருவதாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

“கீழ்த்தெருப் பொம்பளைங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?” என்றாள் அத்தை.

“உனுக்கு இன்னா தெரியும்? நான் பேசிக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போடு.”

கூட்டத்துக்கு முந்தின நாள், மாமா வெளியே போன நேரம் பார்த்து அத்தை மூன்று சட்டைகளையும் வெந்நீரில் ஊறப்போட்டாள். கூடவே புதுச் சிவப்புப் பாவாடையையும் அமுக்கினாள். விடுமுறைக்கு வந்திருந்த நான் பதறிப்போய், “அத்த, சாயம் போவும்!” என்று கத்தினேன். “போய் வெளையாடு, போ” என்றாள்.

மறுநாள் காலை மாமா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மூன்றும் ரோஸ். பழைய கட்டம்போட்ட சட்டையில் போனால் மானம் போய்விடுமாம். “இன்னிக்குக் கூட்டம் வாணாம்னு சொல்லி அனுப்பு” என்றார். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

அலுவலகத்தில் கிளார்க் வழக்கம்போல் அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். அத்தை நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். “இன்னா பாக்குறீங்க? எழுதுங்க. கீழ்த்தெருவுக்குக் குழாய்.” என் கையை விட்டுவிட்டு, தீர்மானப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்கு அவளை அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

புதுத் துணியைத் தூக்கிப் போட மாமாவுக்கு மனசு வரவில்லை. திருவிழாவுக்கு அதையே போட்டுக்கொண்டு, “மெட்ராஸ்ல இப்ப இதான் ஃபேஷன்” என்றார். இளவட்டங்கள் நம்பிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலி காலியாக இல்லை.

எனக்குத்தான் அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. ஊரையே கட்டி ஆள்கிறாள், துணி துவைக்கத் தெரியவில்லையே! ஊருக்குக் கிளம்புமுன் அவளை உட்காரவைத்து, வெள்ளையைத் தனியாக, கலரைத் தனியாக ஊறவைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நல்லது சொன்னால் இவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.