தெரிஞ்ச பிறகு ஒரு மடக்கு

செஞ்சியில் இருந்து வல்லம் போகிற ரோட்டில் ஒரு பழைய வேர்க்கடலை மில்லு இருக்கிறது. இந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். மில்லு ஓடி ரொம்ப வருஷம் ஆகிறது. இப்போது அது குடியை விட வருகிறவர்கள் தங்குகிற இல்லம். இருபது கட்டில், ஒரு சமையல்கட்டு, கூட்டம் போட ஒரு ஹால், முன்னால் ஒரு இரும்பு கேட். வாரத்துக்கு மூன்று நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் செல்லப்பன்தான்.

செல்லப்பன் ஆறாவதோடு நின்றவர். ஆனால் புதுசாக வருகிற ஆள் முதல் பத்து நாள் தங்குகிற முதல் அறை அவர் பொறுப்பு. அந்தப் பத்து நாள்தான் கஷ்டம். கை நடுங்கும். சோறு இறங்காது. சுவரில் பூரான் ஊருது என்பான், கட்டிலுக்கு அடியில் யாரோ பேசுறாங்க என்பான். டாக்டர் எழுதின மாத்திரையைக் கொடுத்து, உப்புப் போட்ட கஞ்சியைக் குடிக்க வைத்து, எதிரில் ஒரு முறம் மல்லாட்டையை வைத்து உட்கார்ந்துவிடுவார் செல்லப்பன்.

"உரி."

அவ்வளவுதான் பேச்சு. முதல் நாள் பத்து காய் உரிப்பதற்குள் ஒன்பது காய் கையை விட்டு நழுவி ஓடும். நாலாம் நாள் அரை முறம் ஆகும். டாக்டர் வந்ததும் நாடியைப் பிடிக்கிறதுக்கு முன்னால் செல்லப்பனைத்தான் கேட்பார், "இவரு எத்தினி முறம்?" என்று. உரித்த பருப்பு மறுநாள் இட்லிக்குச் சட்னி ஆகிவிடும்.

இதே அறையில்தான் செல்லப்பனும் வந்து விழுந்தார். அதற்கு முன்னால் அவர் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிற லோடுமேன். தை, மாசியில் நெல்லு வண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். எழுபத்தஞ்சு கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு லாரிப் பலகையில் ஏறுவதில் அவருக்கு ஈடு கிடையாது. முதுகு வலிக்கு என்று ஆரம்பித்தது குடி. அப்புறம் முதுகு வலிக்காத நாளிலும் குடித்தார். அப்புறம் மூட்டையே தூக்காத நாளிலும் குடித்தார்.

குடித்த குடியைவிடச் சொன்ன பொய் அதிகம். மகள் சுவாதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாசலில் நின்று கேட்பாள், "நைனா, குடிச்சியா?" என்று. செல்லப்பன் அவள் தலையில் கை வைத்து, "உன் தலைமேல சத்தியமா இல்லம்மா" என்பார். வாய் நாற்றம் அவள் முகத்தில் அடிக்கும். பத்தாவது படிக்கிற வயசில் ஒருநாள், அவர் கை வருவதற்குள் அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். கை வெறுமனே காற்றில் நின்றது. அதற்கப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் மனைவி மீனம்பாள் மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சான்காரன்தான் செல்லப்பனைக் குட்டி யானை வண்டியில் சாக்கு மேல் படுக்கவைத்து இங்கே கொண்டுவந்து இறக்கினான்.

இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகக் குடித்த நாளுக்கு மறுநாள்தான் அவனவனுக்குப் பிறந்த நாள். வருஷா வருஷம் அதை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வீட்டு ஆள் யாராவது வந்து கழுத்தில் பதக்கம் போடணும். செல்லப்பனுக்கு ஆறு தடவையும் மீனம்பாள்தான் வந்து போட்டாள். சுவாதி வந்ததில்லை. படித்து முடித்துத் திண்டிவனத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போன பிறகும் வரவில்லை. இந்த வருஷம் ஏழாவது. போன வாரம் மீனம்பாள் போன் பண்ணி, "இந்த வாட்டி அவ வரேன்றா. எனக்கு முட்டி வலி, நான் வரல. நீ பேசியே அவளை வெரட்டிடாத" என்றாள். அன்றைக்கு செல்லப்பன் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. தங்கி இருக்கிறவனோ வேலை பார்க்கிறவனோ, யார் குடித்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டு முதல் அறைக்குப் போகணும். பத்து நாள் கேட்டைத் தாண்டக்கூடாது. நாள் ஒன்றில் இருந்து ஆரம்பம்.

வியாழக்கிழமை செல்லப்பன் மாத்திரை வாங்க மொபெட்டில் செஞ்சிக்குப் போய்விட்டுத் திரும்பினார். மணி இரண்டு. சித்திரை வெயில், தார் ரோடு டயரைப் பிடித்து இழுத்தது. வழியில் பனைமரத்து ஓரம் காத்தாயி பதநீர் விற்கிறவள். கோடை முழுக்க செல்லப்பன் அவளிடம்தான் குடிப்பார். ஆனால் எப்போதும் காலையில் குடிப்பார்.

"இன்னா காத்தாயி, இன்னும் வித்து முடியலையா?"

"இன்னிக்கு முகூர்த்தம் ணா. ஊரே கல்யாணத்துல ஐஸ்கிரீம் துன்னுது. நீ குடி."

பனை ஓலைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மடக்கு உறிஞ்சினார். பதநீர் என்றால் இனிப்பு முன்னால் வரும், சுண்ணாம்பு வாசம் பின்னால் வரும். இதில் இனிப்பைக் காணோம். நாக்கு ஓரம் சுருக்கென்றது. புளிப்பு மூக்கில் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பான். செல்லப்பனின் நாக்குக்கு அது என்ன என்று தெரியும். மடக்கு தொண்டையைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு இன்னொரு மடக்கு குடித்தார்.

அப்புறம்தான் பட்டையைக் கவிழ்த்தார்.

"ஏன் ணா கொட்டிட்ட?"

"புளிச்சிப்போச்சி காத்தாயி. சுண்ணாம்பு பத்தல. யாருக்கும் விக்காத."

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஆமா ணா. எங்க ஊட்டுக்காரரு கலயத்துக்கு சுண்ணாம்பு தடவச் சொன்னா பொட்டு வெச்சிட்டு வருவாரு. போலீஸ்காரன் பார்த்தா கள்ளுன்னு கேசு போடுவான்" என்று சொல்லி, பானையைத் தூக்கி மரத்தடியில் சாய்த்துவிட்டாள்.

செல்லப்பன் வண்டியைக் கிளப்பினார். போதை ஏதும் இல்லை. இரண்டு மடக்கில் என்ன போதை வரும்? பார்த்தவர்களும் யாரும் இல்லை. காத்தாயிக்கு அவர் இல்லத்தில் வேலை செய்கிறார் என்று தெரியும், அவரே குடியில் இருந்து வந்தவர் என்று தெரியாது. ஆனாலும் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தித் துண்டால் வாயைத் துடைத்தார். இரண்டு அடி வைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் முறை வந்தது. எழுந்து நின்றார். "என் பேரு செல்லப்பன். நான் ஒரு குடிநோயாளி. இன்னிக்கு வரைக்கும் குடிக்காம இருக்கேன்." எல்லோரும் கை தட்டினார்கள். குரல் நடுங்கவில்லை, நாக்கு குழறவில்லை. அதுதான் அவருக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏழு வருஷம் கழித்தும் பொய் அப்படியே, நேற்று விட்ட இடத்தில் இருந்து வந்ததுபோல் வந்தது.

கூட்டம் முடிந்து முதல் அறைக்குப் போனார். அங்கே மண்டகப்பட்டு அரிகிருஷ்ணன் இருந்தான், ஜேசிபி ஓட்டுகிறவன், வந்து மூன்றாவது நாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாகக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தான்.

"பல்லால இல்ல, கையால" என்றார் செல்லப்பன். "டாக்டர் மத்தியானம் வராரு. ஒரு நாளைக்கு எவ்ளோ குடிப்பன்னு கேப்பாரு."

"குவாட்டர்தான் அண்ணே. அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது. எம் புள்ள மேல சத்தியமா."

இந்த இடத்தில் செல்லப்பன் எல்லோருக்கும் ஒன்று சொல்வார். "மொதல்ல பொய்யி நிக்கணும்டா, குடி அப்பறமா நிக்கும்" என்பார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை.

அரிகிருஷ்ணன் காத்திருந்து பார்த்தான். "இன்னா அண்ணே, இந்த எடத்துல நீ ஒரு டயலாக் வுடுவியாமே. எனக்கு மட்டும் கெடையாதா?"

செல்லப்பன் எழுந்து நேராக வீரமணி அறைக்குப் போனார்.

இல்லத்தை நடத்துகிறவர் வீரமணி. ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். அவரும் குடித்து அழிந்து எழுந்தவர்தான், குடியை விட்டுப் பதினாலு வருஷம். செல்லப்பன் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, "உள்ள வாய்யா, படியில நிக்காத" என்றார்.

செல்லப்பன் நின்றபடியே சொன்னார். வெயில், பதநீர், புளிப்பு எல்லாம் சொன்னார். வீரமணி கேட்டுக்கொண்டே வந்தவர், பாதியிலேயே கையை ஆட்டினார்.

"இதுக்கா இந்த மூஞ்சி? பதநின்னு நெனச்சி வாங்கன. கெட்டுப் போயிருந்துச்சி. தெரியாம குடிச்சது கணக்குல வராது. போய் வேலையப் பாரு, ஞாயித்துக்கிழம பொண்ணு வருது."

செல்லப்பன் போகவில்லை. வீரமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரிஞ்சப்புறம் எத்தினி மடக்கு?"

"ஒண்ணு."

"துப்பி இருக்கலாமே."

"துப்பல."

"ஏன்?"

"நல்லா இருந்துச்சி."

வீரமணி கண்ணாடியை மறுபடி மாட்டினார். அப்புறம் மேஜையில் கையை நீட்டினார். செல்லப்பன் இடுப்பில் இருந்து மருந்து பீரோ சாவியையும் கேட் சாவியையும் அவிழ்த்து அதில் வைத்தார். மூட்டையை இறக்கின அந்த நிமிஷத்தில் லோடுமேனுக்கு உடம்பு நிதானம் தெரியாது. கால் தானாக முன்னால் ஓடும், தரை கொஞ்சம் கீழே போனதுபோல் இருக்கும். செல்லப்பனுக்கு அப்படி ஆனது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வருஷம் போச்சேன்னு இல்லியா?" என்றார் வீரமணி.

"இருக்குது. ராத்திரி பூரா முழிச்சிக் கெடந்தேன், இப்ப தூக்கம் வருது."

"தூங்கு. அதுக்கு மின்ன பொண்ணுக்கு போன் பண்ணிடு. அது பஸ் ஏறி வந்து ஏமாறக் கூடாது."

முதல் அறைக்காரர்கள் போன் வைத்திருக்கக் கூடாது. வீரமணி தன் போனையே கொடுத்தார். செல்லப்பன் நம்பரை அழுத்தினார்.

"சுவாதி, நான்தாம்மா."

"சொல்லு நைனா." பின்னால் ஏதோ மிஷின் சுற்றுகிற சத்தம்.

"ஞாயித்துக்கிழம நீ வர வேணாம். பதக்கம் கெடையாது. நேத்து நான் குடிச்சிட்டேன்."

"இரு" என்றாள். கதவு திறக்கிற சத்தம், அப்புறம் ரோட்டுச் சத்தம். "எவ்ளோ?"

"ரெண்டு மடக்கு. பதநின்னு வாங்கினேன், புளிச்சிக் கெடந்துச்சி. மொத மடக்கு தெரியாம. ரெண்டாவது தெரிஞ்சி."

"யாரு பார்த்தாங்க?"

"யாரும் பாக்கல."

"அப்ப எப்டி மாட்டன?"

"மாட்டல. நானே போய் சொன்னேன்."

கட் ஆகிவிட்டதோ என்று செல்லப்பன் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார். ஆகவில்லை. மறுபடி காதில் வைத்தார்.

"பத்தரை மணி பஸ்ஸு உங்க கேட்டாண்ட நிக்குமா?" என்றாள் சுவாதி.

"பதக்கம் கெடையாதுன்னு சொன்னேனேம்மா."

"காதுல வுழுந்துச்சி. பஸ்ஸு நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்" என்றார்.

மத்தியானம் செல்லப்பன் தலையணையோடு முதல் அறைக்குள் வந்தபோது அரிகிருஷ்ணன் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். விஷயம் அதற்குள் சமையல்கட்டு வரைக்கும் போயிருந்தது.

"வா அண்ணே. நான் உனக்கு ரெண்டு நாள் சீனியரு."

"சரிங்க சார்" என்றார் செல்லப்பன்.

அவர் படுத்துக் கண்ணை மூடின பிறகு அரிகிருஷ்ணன் மெதுவாகச் சொன்னான். "அண்ணே. குவாட்டர் இல்ல. ஒரு ஆஃபு. சம்பளத்தன்னிக்கு ரெண்டு."

"என்கிட்ட சொல்லாத. என்கிட்ட இப்ப சாவி கெடையாது. டாக்டர்கிட்ட சொல்லு." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். டாக்டர் வந்து எழுப்புகிற வரைக்கும் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சுவாதி வந்தாள். ஹாலில் பெண்கள் உட்காருகிற பக்கம் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்லப்பன் முறை வந்ததும் எழுந்தார்.

"என் பேரு செல்லப்பன். நான் ஒரு குடிநோயாளி. இன்னிக்கு எனக்கு மூணாவது நாளு."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கை தட்டல் எழுந்தது, அரிகிருஷ்ணன் விசில் அடித்து வீரமணியிடம் முறைப்பு வாங்கினான். வந்த வீட்டுக்காரர்கள் விரும்பினால் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார் வீரமணி. பேசமாட்டாள் என்றுதான் செல்லப்பன் நினைத்தார். சுவாதி எழுந்தாள்.

"சின்னப் புள்ளையில தெனம் கேப்பேன், குடிச்சியான்னு. ஒரு நாளும் ஆமான்னு சொன்னது கெடையாது. வெள்ளிக்கிழம நான் கேக்கவே இல்ல. அவரா போன் பண்ணி சொன்னாரு." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "அதான் வந்தேன்." உட்கார்ந்துவிட்டாள்.

செல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டார். துண்டு தோளில்தான் இருந்தது, எடுத்துக் கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை.

சாப்பாடு ஆனதும் அவள் கிளம்பினாள். ஒரு மணி பஸ். கேட் வரைக்கும் கூட வந்த செல்லப்பன் அங்கே நின்றுவிட்டார்.

"பஸ் ஸ்டாப்பு எதிர்லதானே, வா" என்றாள்.

"தாண்டக் கூடாதும்மா. பத்து நாளு ஆவணும்."

அவள் கேட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். கேட்டை இழுத்துச் சாத்தி அவளே வெளியில் கொண்டியைப் போட்டாள். ஸ்டாப்புக்குப் போகாமல் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள். அம்மாவின் முட்டி வலிக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும் என்றாள். லேபில் ஒரு ஆள் ஊசியைப் பார்த்ததுமே மயக்கம் போட்டு விழுந்த கதையைச் சொன்னாள். செல்லப்பன் அரிகிருஷ்ணன் பல்லால் மல்லாட்டை உடைத்ததைச் சொன்னார். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. ஸ்டாப்பில் நின்ற சனமெல்லாம் வெயிலில் குடையை விரித்துக்கொண்டு டிரைவரையும் கண்டக்டரையும் அவர்கள் வம்சத்தையும் திட்டியது. பஸ் வந்தபோது இரண்டேகால்.

அன்றைக்கு அந்த பஸ்ஸைத் திட்டாத ஆள் செல்லப்பன் ஒருத்தர்தான்.